நாய்க்கு இடமுண்டு, தள்ளுவண்டிக்கு இல்லை: நகர மையத்தைச் சீரமைக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். வேலூர் நகர மையத்தைச் சீரமைப்பது பற்றிச் சென்ற மாதம் நீங்கள் நடத்திய கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். வேலை நாள், காலை பதினொரு மணி. லாங் பஜார் கடைக்காரர்கள் எப்படி வருவார்கள்? வந்த சிலருக்கும் திரையில் ஆங்கிலத்தில் படம் காட்டினீர்கள். படம் அழகாகத்தான் இருந்தது. கோட்டைக்கு எதிரே அகலமான நடைபாதை, வரிசையாக மரங்கள், நாயைப் பிடித்தபடி நடக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நாய்க்கு இடம் கொடுத்த அந்தப் படத்தில் ஒரு தள்ளுவண்டி இல்லை, ஒரு பூக்கூடை இல்லை, ஒரு சக்கர நாற்காலிகூட இல்லை. சக்கர நாற்காலி இல்லாமல் வேலூரின் நடுத்தெருவை வரைய எப்படித்தான் மனம் வந்ததோ! 'யாருக்காவது கருத்து உண்டா' என்று நீங்கள் கேட்டபோது சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது.

சி.எம்.சி. மருத்துவமனை பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் சாலையோரம் மழைநீர்க் கால்வாய் கட்டி, மேலே மூடி போட்டு, அதையே நடைபாதை என்று விட்டுப்போன விவரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த மூடி சாலையிலிருந்து முழங்கால் உயரம். என் கடை வாசல் அதற்கும் கீழே பள்ளத்தில் கிடக்கிறது. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறவர்கள் கையில் எக்ஸ்ரே கவரோடு, டிஸ்சார்ஜ் தாள்களை நகலெடுக்க வருவார்கள். நாற்காலியில் அம்மா, பின்னால் மகன். மகன் நாற்காலியைப் பின்பக்கமாகச் சாய்த்து மேலே ஏற்றுவான். அப்புறம் கடைக்குள் இறக்க வேண்டும். நானும் கடைப் பையனும் கீழே நின்று முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு "ஆஸ்தே, ஆஸ்தே" என்போம். எனக்குத் தெரிந்த வங்காளம் அவ்வளவுதான், அதையும் இந்த நடைபாதைதான் சொல்லிக்கொடுத்தது. நாலைந்து தாளை நகலெடுக்க மூன்று பேர் தூக்க வேண்டியிருக்கிறது. தையல் பிரியுமோ என்ற பயத்தில் அந்த அம்மா கண்ணை மூடிக்கொள்வார். பல பேர் ஏறவே முயல்வதில்லை. பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே சாலையிலேயே தள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். நடைபாதை காலியாக இருக்கிறது. மக்கள் நடைபாதையைப் பயன்படுத்துவதில்லை என்று கூட்டத்தில் நீங்களே வருத்தப்பட்டீர்கள்.

நடைபாதை உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று, சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி சொல்கிறது. ஓர் அடி ஏற 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும் என்பது பொறியாளர்கள் எல்லோரும் அறிந்த கணக்கு. ஆக, விதி இருக்கிறது, படித்தவர்கள் இருக்கிறீர்கள். வரைவதற்கு முன்னால் யாரும் எங்கள் வாசலில் வந்து நிற்கவில்லை, குறை அது ஒன்றுதான்.

அதனால்தான் கேட்கிறேன். ஊர் நடுவில், நேதாஜி மார்க்கெட் பக்கமோ பழைய பஸ் ஸ்டாண்டு பக்கமோ, ஒரு மக்கள் வடிவமைப்புக் கூடம் திறந்து வையுங்கள். பெரிய கட்டடம் வேண்டாம், தரைத்தளத்தில் படியில்லாத ஓர் அறை போதும். சுவரில் தமிழில் வரைபடம், மேஜைமேல் அட்டையில் செய்த தெரு மாதிரி, மாலை ஆறு மணிக்கு மேலும் திறந்திருக்கும் கதவு. கடைக்காரரும் பூ விற்கும் அக்காவும் ஆட்டோ ஓட்டுநரும் உள்ளே வந்து "இங்கே இது வராது சார்" என்று விரல் வைத்துக் காட்டினால், அதைக் குறித்துக்கொள்ள ஒரு வடிவமைப்பாளர் இருக்க வேண்டும். காட்பாடியில் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்திலேயே கட்டடக்கலை மாணவர்கள் படிக்கிறார்களே, அவர்களுக்கும் இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா?

இது நானாகக் கற்பனை செய்தது இல்லை. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் சட்டனூகா, நாட்டிலேயே காற்று மிகவும் கெட்டுப்போன ஊர் என்று 1969-ல் பெயர் வாங்கியது. ஊர் நடுவும் களையிழந்து கிடந்தது. 1980-களின் தொடக்கத்தில் கட்டடக்கலைப் பேராசிரியர் ஸ்ட்ரவுட் வாட்சன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள்ளேயே ஒரு வடிவமைப்புக் கூடம் நடத்தினார். ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று 1984-ல் பொதுமக்களைக் கூட்டிவைத்துக் கேட்டார்கள். ஆற்றின் மேலே, 1978-ல் வண்டிகளுக்கு மூடிய வால்நட் தெருப் பாலம் இடிபடவிருந்தது. மக்கள் விடவில்லை. 1993-ல் அது நடந்து போகிறவர்களுக்கான பாலமாகத் திறந்தது. அவர்கள் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, பாலாற்றோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் மக்களைக் கேட்பதற்குத் தண்ணீர் தேவையில்லையே. சரி, அவ்வளவு தூரம் ஏன்? சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதை வளாகம் திறப்பதற்கு முன்பே தெருவில் தற்காலிகத் தடுப்புகள் வைத்து முன்னோட்டம் பார்த்தார்கள். சாக்பீஸில் போட்ட கோடுகளை அழிப்பது எளிது, கான்கிரீட்டை உடைப்பதற்கு இன்னொரு டெண்டர் விட வேண்டும்.

நம் ஊருக்குத் தனிச் சிக்கலும் உண்டு. தொல்லியல் சட்டப்படி கோட்டையைச் சுற்றி 100 மீட்டர் கட்டடம் கட்டத் தடைப் பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் அனுமதி வாங்கிக் கட்ட வேண்டிய கட்டுப்பாட்டுப் பகுதி. கூரை மாற்ற யாரிடம் அனுமதி வாங்குவது என்று தெரியாமல் அங்கே வீட்டுக்காரர்கள் அலைகிறார்கள். கூடத்தின் சுவரில் அந்தக் கோடு வரைந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

2016-ல் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் வேலூர் பெயர் வந்தபோது நாங்களும் மகிழ்ந்தோம். 2022-ல் நிறுத்தியிருந்த பைக்கின் சக்கரத்தோடு சேர்த்துக் கான்கிரீட் சாலை போட்டார்கள், நாடே பார்த்துச் சிரித்தது. பைக் சொந்தக்காரரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லக்கூட நேரமில்லாத வேகம்! மக்களைக் கேட்பதற்கென்று வார்டு குழு, பகுதி சபை எல்லாவற்றுக்கும் விதிகள் வந்தாயிற்று. 2014-ம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும் என்கிறது. காகிதத்தில் எங்களுக்குக் குறையே இல்லை. திரையில் காட்டுகிற படத்தில்தான் காணாமல் போய்விடுகிறோம்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். இப்போது பணிவாகவே கேட்கிறேன். அந்தப் படத்தை ஒப்பந்ததாரர் கைக்குக் கொடுக்கும் முன் கூடத்தைத் திறந்து, மூன்று மாதம் அங்கே மாட்டி வையுங்கள். யார் என்ன சொன்னார்கள், எதை ஏற்றீர்கள், எதை ஏன் தள்ளினீர்கள் என்று பக்கத்திலேயே தமிழில் எழுதி ஒட்டுங்கள். அதற்கு முன்னால் எங்கள் சாலை நடைபாதைக்கு ஒரு சாய்தளம் போட்டுத் தந்தால் நன்றியோடிருப்போம். அளவெடுக்க வரும் பொறியாளர் மாலையில் வந்தால் நல்லது, கூட்டம் அப்போதுதான் அதிகம். வாசலில் நின்று நானே எல்லாவற்றையும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரன், வேலூர்