வெடியுப்பை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கப்பல் பீரங்கி பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1338-இல் அர்னமௌடன் சண்டையில் 'கிறிஸ்டோபர்' என்ற ஆங்கிலேயக் கப்பல் மூன்று பீரங்கிகளோடு நின்றதைச் சொன்னது சரி. அத்தனை இருந்தும் அது பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்டதையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

கட்டுரை அங்கிருந்து நேரே போர்ச்சுக்கீசியரிடம் போய்விட்டது. 1380-இல் கொரியாவில் நடந்த ஜின்போ போர் விட்டுப்போனதுதான் எனக்கு மனக்குறை.

இன்றைய குன்சான் நகரை ஒட்டி, கும் ஆறு கடலில் கலக்கும் இடம் அது. ஜப்பானியக் கடற்கொள்ளையர் 500 கப்பல்களில் வந்தார்கள். எல்லாவற்றையும் கயிற்றால் பிணைத்து, காவலுக்கு ஆள் நிறுத்திவிட்டு ஊருக்குள் புகுந்தார்கள். அவர்கள் வாரிச் சென்ற அரிசி வழியில் சிந்தி ஓரடி கனத்துக்குக் கிடந்ததாக அன்று கொரியாவை ஆண்ட கொர்யோ அரசின் வரலாற்று ஏடு சொல்கிறது. எதிர்த்து வந்த கொர்யோ கப்பல்கள் 100-தான். பீரங்கிகளால் தீயை எறிந்தார்கள். பிணைத்த கயிறே கொள்ளையருக்கு எமனாயிற்று. விலகி ஓட ஒரு கப்பலுக்கும் வழியில்லை.

இதற்குப் பின்னால் இருந்தவர், அந்தப் பீரங்கிகளுக்கு வெடிமருந்து செய்யும் வழியைக் கண்ட கொரியரான சோய் மூசோன். பட்டாசுத் தொழிலில் முப்பது வருஷம் இருந்தவன் என்பதால் அவர் பட்ட பாடு எனக்குப் புரிகிறது. வெடிமருந்துக்கு வேண்டிய மூன்றில் கரியும் கந்தகமும் கிடைத்துவிடும், வெடியுப்புதான் ஆளைச் சோதிக்கும். பழைய வீட்டுத் தரை மண்ணையும் தொழுவத்து மண்ணையும் கரைத்து வடித்து, சாம்பல் சேர்த்துக் காய்ச்சி எடுக்க வேண்டும். அழுக்கு உப்பு ஈரத்தைக் குடிக்கும். விரலில் தேய்த்தாலே பிசுபிசுக்கும், மருந்து நமுத்துவிடும். கரையிலேயே இப்படியென்றால் கடற்காற்றில் கேட்க வேண்டுமா?

அந்தப் பக்குவத்தைச் சீனர்கள் வெளியே விடவில்லை. துறைமுகத்துக்கு வரும் சீன வணிகர்களிடமெல்லாம் சோய் மூசோன் விசாரித்தார். ஓரளவு தெரியும் என்று ஒருவர் சொன்னதும் வீட்டுக்கே அழைத்துப்போய், சோறும் துணியும் கொடுத்து, பல நாள் கேட்டுக் கேட்டுக் கற்றார். அரசவையில் யாரும் நம்பவில்லை, ஏமாற்றுக்காரன் என்றுகூடப் பேசினார்கள். அவர் விடவில்லை. 1377-இல் அரசே வெடிமருந்துக்கும் பீரங்கிக்கும் தனி அலுவலகம் திறந்தது. மூன்றே வருஷத்தில் ஜின்போ!

பீரங்கியின் கதையை இரும்பிலிருந்து மட்டும் தொடங்குவது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். அதற்குள் போகும் மருந்தைக் காய்ச்சியவனுக்கும் அதில் பங்கு உண்டு.

1395-இல் சாகும்போது, மகன் பெரியவனானதும் கொடுக்கச் சொல்லி மனைவியிடம் ஒரு நூலைக் கொடுத்துவிட்டுப் போனார் சோய் மூசோன். அதைக் கற்ற மகன் ஹேசான், அப்பாவின் வேலையையே தொடர்ந்தார். அடுத்த இணைப்பில், சிறுவர் பகுதியிலாவது, இந்த அப்பா மகன் கதையைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிவகாசி