நிரலில் உன் பெயரைத் தேடினேன்

அன்புள்ள பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் முந்தியை விடப் பரவாயில்லை. தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது, இரவு வேலைதான். மார்க்கம் மாமி வீட்டுப் பிரச்சினை இன்னும் அப்படியே இழுபடுகிறது. அதை விடு.

ஏன் அப்பா கடிதம் எழுதுகிறார் என்று பயப்படாதே. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. போனில் கதைத்தால் எங்கள் இருவருக்கும் சாப்பாடு, சுவாத்தியம், கார் என்று மூன்றோடு கதை முடிந்துவிடுகிறது. நாலாவதாக நான் ஏதாவது கேட்டால் நீ "சரி அப்பா, பிறகு எடுக்கிறேன்" என்பாய். மாசி மாதம் சொன்ன அந்தப் "பிறகு" இன்னும் வரவில்லை. அம்மாவுக்கு இடைக்கிடை ஒரு வரி அனுப்புகிறாய் என்று தெரியும். இருந்தாலும் உன் குரலைக் கேட்டு எத்தனை நாள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். காதுக்கு அடைப்பான் வைத்துக்கொள். தொழிற்சாலையில் 22 வருடம் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவன் சொல்லுகிறேன். எனக்கு இடது காது இப்போது அரைவாசிதான் கேட்கிறது. நீ ட்ரம்ஸில் அடிக்கிற அந்தச் சிம்பல் தட்டின் சத்தம் அதைவிட மோசம். நல்ல அடைப்பான் விலையென்றால் நான் காசு அனுப்புகிறேன்.

மொன்றியல் ஜாஸ் விழாவின் நிகழ்ச்சி நிரல் வந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் போலத் தம்பியைக் கொண்டு அச்செடுப்பித்தேன். போனிலேயே பார்க்கலாமே என்கிறான். எனக்குத் தாளில் பார்க்க வேண்டும், சிவப்புப் பேனாவால் கோடு போட வேண்டும். 2019 தாள், 2022 தாள், 2023 தாள் எல்லாம் சாமியறை லாச்சிக்குள் இருக்கின்றன. யூன் கடைசியில் தொடங்கி யூலைக்குள் போகிறது, வழக்கம்போல. பெரிய மண்டபங்களிலிருந்து வீதியில் போடுகிற இலவச மேடைகள் வரைக்கும் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தேன். இரண்டு தரம் பார்த்தேன். குழுத் தலைவரின் பெயரை மட்டும் போட்டு, ட்ரம்ஸ் யார் என்று எழுதாமல் விடுவார்கள், அது எனக்குத் தெரியும். பெரிய விழாவில் பெயர் வராதது ஒரு விஷயமே இல்லை என்றும் தெரியும். உள்ளூர்க்காரருக்குப் போதிய இடம் கிடைப்பதில்லை என்றுதானே 2000 ஆம் ஆண்டில் அங்கத்தைய வாத்தியக்காரர்களே சேர்ந்து ஓஃப் என்ற வேறு ஜாஸ் விழாவைத் தொடங்கினார்கள். அது இப்போது ஒக்டோபரில்தான் வருகிறது. ஆகவே இந்தக் கோடை உனக்குக் கொஞ்சம் ஓய்வு. அம்மாவிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

தைப்பொங்கலன்று வீடியோவில் வந்தாயே, அப்போது உனக்குப் பின்னால் உடுப்புக் காயப்போடுகிற கம்பி நின்றது. ட்ரம்ஸ் நிற்கிற அந்த யன்னல் மூலையில். நானும் பார்த்தேன், அம்மாவும் பார்த்தா. நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

யூலை முதலாம் திகதி அங்கே ஊரே வீடு மாறுகிற நாள். நீயும் மாறப் போகிறாயா? மாறுவதென்றால் வாடகை ஒப்பந்தத்தை வடிவாக வாசி. சில வீட்டில் சத்தம் போடக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். வாசிக்காமல் கையெழுத்து வைக்காதே. அந்த வெளிப்பக்க இரும்புப் படிகளில் பாரம் தூக்குவதென்றால் நான் வருகிறேன். தம்பியும் வருவான். ரொறொன்ரோவிலிருந்து 540 கிலோமீற்றர் ஒரு தூரமே இல்லை.

2019 விழாவில் நீ வாசித்தது ஞாபகம் இருக்கிறதா உனக்கு? தூறல் மழை. அம்மா தலையில் பொலித்தீன் பையைப் போட்டுக்கொண்டு நின்றா. நான் மேடைக்கு இடது பக்கம், உன் கை தெரிகிற இடமாகப் பார்த்து நின்றேன். மூன்றாவது பாட்டுக்குத் தடிகளைக் கீழே வைத்துவிட்டுக் கம்பித் தூரிகை இரண்டையும் எடுத்தாய். வலக்கை தட்டுகிறது. இடக்கை தோலின் மேலே வட்டமாகப் போய்க்கொண்டே இருக்கிறது, நிற்கவே இல்லை. அந்தச் சத்தம் எங்கேயோ கேட்ட சத்தம் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். பிறகு பிடிபட்டது. ஆச்சி அரிதட்டில் அரிசிமா அரிக்கிற சத்தம். விடியக்காலை நாலு மணிக்கு நான் படுக்கையில் கிடந்து கேட்ட அதே சத்தம். மொன்றியல் நடு வீதியில், ஆச்சியை ஒரு நாளும் காணாத என் பிள்ளையின் கையில் அது வருகிறது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்கார மனிசன் "நல்ல ட்ரம்மர்" என்று சொன்னான். என் மகள் என்று சொன்னேன். கோயிலில் ஒரு மாதம் அதைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அன்றைக்கு நிகழ்ச்சி முடிய நீ எங்களோடு பத்து நிமிடம்தான் நின்றாய். அதுவும் சரி. உன் ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் நாங்கள் ஐந்தரை மணித்தியாலம் ஓடி வந்தவர்கள், பிள்ளை.

நான் அந்த விழாவை முதன்முதல் பார்த்தது 1987 இல். மிரபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கி மூன்று மாதம். அந்தக் காலத்தில் விழா செயின்ற் டெனி வீதிப் பக்கம் நடந்தது. நான் அங்கே ஒரு ரெஸ்ரோரண்டின் பின் குசினியில் கோப்பை கழுவினேன். குப்பை போடப் பின்கதவைத் திறந்தால் சக்ஸபோன் கேட்கும். திறந்தபடி ஒரு நிமிடம் நிற்பேன். எனக்கு அதன் பெயர் ஜாஸ் என்று தெரியாது. ஆனால் ஒருவன் ராகத்தைப் பிடித்து விரித்துக்கொண்டு போவதும், மற்றவன் அதை வாங்குவதும் எனக்குப் புதிதில்லை. தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போன யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்தவனுக்கு அது எப்படிப் புதிதாகும்? பத்து வயதில் கோயில் மணலில் படுத்துக்கொண்டு தட்சணாமூர்த்தியின் தவில் கேட்டவன் நான். நாதஸ்வரம் ஓய்ந்த பிறகு இரண்டு தவில் சமா. ஒருவர் கொடுப்பார், மற்றவர் அதை வாங்கித் தன்னுடையதைக் கூட்டித் திருப்பிக் கொடுப்பார், சனம் விடியும்வரை அசையாது. நீங்கள் நாலு நாலு பாராக, நாலு நாலு தாளவட்டமாக, மாறி மாறி அடிப்பீர்கள் என்று ஒரு நாள் காரில் வைத்து எனக்குச் சொன்னாய். இவ்வளவுதானா, இது எனக்குத் தெரியுமே என்று மனதுக்குள் நினைத்தேன். வாயால் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது ஓய்வு தானே, மால்வேர்ன் நூலகத்துக்குப் போய் வருகிறேன். அந்தரப்பட்டு அந்தரப்பட்டு இங்கிலீசில் வாசிக்கிறேன். மொன்றியலில் பிறந்த ஜாஸ் பியானோக்காரர் ஒஸ்கார் பீற்றர்சனைப் பற்றி நிறைய வாசித்தேன். உனக்குத் தெரியாததா நான் சொல்லப் போகிறேன். ஆனால் அவருடைய தகப்பனைப் பற்றி நீ யோசித்திருப்பாயோ தெரியாது. மொன்றியல் லிற்றில் பேர்கண்டியில் வீடு, ரயிலில் போர்ட்டர் வேலை. ரயிலில் போகுமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் பியானோப் பாடம் கொடுத்துவிட்டுப் போவார், திரும்பி வந்ததும் ஒப்புவிக்க வேண்டும். மூத்த மகள் டெய்சி தன் தம்பி ஒஸ்காருக்குச் சொல்லிக்கொடுத்தா, பிறகு பியானோக்காரர் ஒலிவர் ஜோன்சுக்கும் அவதான் சொல்லிக்கொடுத்தா. ஒஸ்காருக்குக் கொஞ்சம் தலைக்கனம் வருகிறது என்று கண்ட தகப்பன், ஆர்ட் ராற்றமின் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினாராம். இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்று பெடியன் நினைத்தான். ஒரே ஆள் என்று தெரிந்ததும் வாரக்கணக்கில் பியானோவைத் தொடவில்லை. இரவில் அழுதானாம். அவ்வளவு பெரிய மனிசனும் ஒரு காலம் தொடாமல் இருந்திருக்கிறார். பிறகு தொட்டார்.

அந்த வாரங்களில் தகப்பன் என்ன செய்திருப்பார் என்றுதான் நான் யோசிக்கிறேன். மூடிக் கிடக்கிற பியானோவுக்குப் பக்கத்தால் ஒவ்வொரு நாளும் நடந்திருப்பார்.

சார்லி பிடில் என்று ஒருவர், பேஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியம் வாசித்தவர். பிலடெல்பியாவிலிருந்து 1948 இல் மொன்றியலுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டார். உங்கள் பெரிய விழா 1980 இல் தொடங்க முதல் வருடமே அவர் ஒரு விழாவை நடத்திக் காட்டியவர். அவர் 1954 இலிருந்து 1972 வரைக்கும் கார் விற்கிற வேலை செய்தாராம். பகலில் கார், இரவில் பேஸ். 18 வருடம். வேலைக்குப் போனால் வாசிப்பை விட்டதாக அர்த்தமில்லை. உனக்கு ஒரு வேலை எடுக்க வேண்டி வந்தால் எடு. அதில் வெட்கம் ஒன்றுமில்லை. சாப்பாட்டைத் தவறவிடாதே. காதைக் கவனி.

இங்கே டவுன்ரவுனில் மாஸி மண்டபத்தில் 1953 மே 15 நடந்த கச்சேரியைப் பற்றியும் வாசித்தேன். சார்லி பார்க்கர், டிசி கில்லெஸ்பி, பட் பவல், மிங்கஸ், ட்ரம்ஸ் மக்ஸ் ரோச். அதே இரவு பெரிய குத்துச்சண்டை ஒன்று இருந்ததால் மண்டபத்தில் நிறையக் கதிரை காலி. பார்க்கர் தன் சக்ஸபோன் இல்லாமல் பிளாஸ்ரிக்கில் செய்த ஒன்றை வைத்து வாசித்தார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தக் கச்சேரியைப் பற்றிக் கதைக்கிறார்கள். இதை வாசித்தபோது என் மனதுக்கு ஒரு ஆறுதல் வந்தது. நல்ல வாத்தியக்காரனுக்கு வாத்தியம் போனால் என்ன, அவன் எதையாவது பிடித்து வாசிப்பான் என்று.

பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எனக்கு அந்த ஆறுதல் வரக் கூடாது.

பிள்ளை, உன் ட்ரம்ஸைக் கராஜிலிருந்து ஒருவரும் களவெடுக்கவில்லை. நான் விற்றேன்.

நீ பதினோராம் வகுப்பு. நான் இரவு வேலை முடித்து வந்து பகலில் படுக்கிற காலம். நித்திரைக்காக என்று எனக்கு நானே சொன்னேன். உண்மை அது மட்டுமில்லை. பெரியப்பா வீட்டில் வைத்து ஆட்கள் கதைத்தார்கள், பெட்டைப்பிள்ளைக்கு ஏன் இந்த வேலை என்று. நான் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. உனக்குச் சோதனை வருகிறது, இதை எடுத்துவிட்டால் படிப்பாய் என்று நினைத்தேன். 400 டொலர். வாங்க வந்தது ஒரு தகப்பனும் மகனும். அந்தப் பெடியனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். தகப்பன் வீட்டிலிருந்து ஒரு கம்பளிப் போர்வை கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு ட்ரம்மாக அதில் சுற்றி, பிள்ளையைப் படுக்க வைக்கிற மாதிரி வானுக்குள் வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தன் மகனுக்குச் செய்ததை நான் என் மகளிடமிருந்து எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

நீ பாடசாலையால் வந்து பொலிசுக்குச் சொல்ல வேண்டும் என்று நின்றாய். பழைய சாமானுக்குப் பொலிஸ் வராது என்றேன். அந்தக் காசை எதற்குச் செலவழித்தேன் என்றுகூட இன்று ஞாபகம் இல்லை.

நீ அதற்குப் பிறகு ஒரு வருடம் சோபாத் தலையணையில் அடித்தாய். தொப் தொப் என்று. முந்தி ட்ரம்ஸ் சத்தத்தில் எப்படியோ நித்திரை கொண்ட எனக்கு அந்தத் தலையணைச் சத்தத்தில் நித்திரை வரவில்லை. எழும்பி வந்து சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம். பிறகு பகுதிநேர வேலை செய்து நீயே வேறு ஒன்று வாங்கினாய், நான் அதை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்து வைத்தேன், நீ "தாங்ஸ் அப்பா" என்றாய். அந்தத் தாங்ஸ் இன்னும் எனக்குள் கிடந்து குத்துகிறது. அம்மாவுக்கு இது தெரியாது. அவவுக்கும் சொல்லப் போகிறேன், உனக்கு முதலில்.

இதனால்தான் என்னால் உன்னிடம் கேட்க முடியாமல் இருக்கிறது. அந்த மூலையில் ஏன் உடுப்புக் கம்பி நிற்கிறது என்று கேட்கிற உரிமை மற்ற எல்லாத் தகப்பன்மாருக்கும் உண்டு. எனக்கு இல்லை. நீ விற்றிருந்தால் அது உன்னுடையது, நீ விற்கலாம். ஓய்வெடுக்கிறாய் என்றால் எடு. கை நோகிறதென்றால் டொக்டரிடம் காட்டு. காசு இல்லாமல்தான் விற்றாய் என்றால் மட்டும் தயவுசெய்து எனக்குச் சொல்லு. என்னிடம் இருக்கிறது. கடன் இல்லை, உனக்கு நான் தரவேண்டியது.

விற்று சில கிழமைகள் கழித்துக் கராஜ் கூட்டும்போது றாக்கைக்குக் கீழே ஒரு சின்னச் சாவி கிடந்தது. ட்ரம்மின் தோலை இறுக்குகிற சாவி. நீ அதைக் கழுத்தில் நூலில் கட்டிக்கொண்டு திரிவாய், கறுப்பு நூல். நூலும் அப்படியே இருந்தது. என் ஆணிப் பேணிக்குள் இத்தனை வருடமும் வைத்திருக்கிறேன். தபாலில் வைத்தால் துலைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, அதனால் இதோடு வைக்கவில்லை.

அம்மா மிளகாய்த்தூள் இடித்து இரண்டு போத்தலில் போட்டு வைத்திருக்கிறா. ஒடியல்மாவும் இருக்கிறது. யூன் கடைசிச் சனிக்கிழமை நான் பஸ்ஸில் வரலாம். மக்கை வீதியில் அந்தத் தலைகீழ்ப் பெயர்ப்பலகை போட்ட ஜாஸ் வாசிக்கிற இடம், அப்ஸ்ரெயர்ஸ், மேல்மாடி, என்று பெயரை வைத்துக்கொண்டு படி கீழே இறங்குமே, அங்கே ஒருநாளும் நான் உள்ளே வந்து இருந்ததில்லை. யார் வாசித்தாலும் பரவாயில்லை. உனக்குப் பக்கத்தில் இருந்து கேட்கிறேன். உனக்கு வரச் சொல்ல மனமில்லையென்றால் சாமான்களை வாசலில் தந்துவிட்டு இரவு பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன், அதற்கும் கோபமில்லை. வரலாம் என்றால் "ஓம்" என்று ஒரு சொல் அனுப்பு.

அடைப்பான் விஷயத்தை மறக்காதே.

அன்புடன்,
அப்பா