தடைக்காலத்தில் கூடிய பெண்கள்

அன்புள்ள தோழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை. மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்துவிட்டதால் ஆஸ்பத்திரிக்கு ஏறி இறங்குவதும் சுலபமாகிவிட்டது. கோவையில் மழை எப்படி? வங்கியில் உனக்குப் பதவி உயர்வு வந்த செய்தி கேட்டு அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

கம்பெனிகளில் தலைமைப் பயிற்சி நடத்துகிறவளுக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் என்ன வேலை என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதிதான் வரும், அதனால் எழுதுகிறேன்.

என்னை மாதிரி ஃபெசிலிடேட்டர் பாடம் நடத்துகிறவர் இல்லை, மற்றவர்களைப் பேச வைக்கிறவர். வட்டமாக உட்கார வைத்து, சரியான கேள்வியைப் போட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். ஓ.எம்.ஆர். பக்கத்து ஐ.டி. கம்பெனிகளில் இதையே பல வருஷம் செய்தேன், நல்ல வருமானம்தான். ஆனால் தண்டையார்பேட்டைக்காரி என்று பேச்சில் தெரிந்துவிடக் கூடாதென்று நாக்கைக் கட்டியே பேசிக்கொண்டிருந்தேன். மற்றவர்களைப் பார்த்து 'நீங்கள் யார்?' என்று கேட்பதே என் தொழில். அந்தக் கேள்வி எனக்குள் உறுத்த ஆரம்பித்த பிறகுதான் ஊர் சுற்றக் கிளம்பினேன்.

முதலில் மதுரை, அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல், 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது. பணம் கட்டுகிறவர்களால் வரும் வருமானத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் அதே டாக்டர்கள் ஆபரேஷன் செய்கிறார்கள். கணக்கும் கருணையும் ஒன்றுக்கொன்று பகை இல்லை என்று அங்கே கண்ணால் பார்த்தேன். வியாபாரம் செய்வதில் எனக்கிருந்த கூச்சம் அத்தோடு போயிற்று.

அப்புறம் அகமதாபாத். சுயதொழில் செய்யும் பெண்களுக்காக இலா பட் 1972-ல் தொடங்கிய சேவா சங்கத்துப் பெண்களைப் பார்க்கப் போனேன். காய்கறி விற்கிறவர்கள், பழந்துணி வியாபாரம் செய்கிறவர்கள், தலைச்சுமை தூக்குகிறவர்கள் என்று 4,000 பேர் 1974-ல் ஆளுக்குப் 10 ரூபாய் போட்டுத் தங்களுக்கென்று ஒரு வங்கியே வைத்துக்கொண்டார்கள். நான் போன அன்றைக்குக் காய்கறி விற்கும் ஒரு அம்மாதான் கூட்டத்தை நடத்தினாள். மொழி புரியவில்லை. ஆனால் சந்தையில் கூவுகிற அதே குரலில் கொஞ்சமும் மாற்றாமல் பேசினாள் என்பது புரிந்தது. நம் ஊர் ஞாபகம் தாங்க முடியாமல் வந்தது.

திரும்பி வந்து யோசித்தால், நம் பக்கத்திலேயே இதற்கு வேர் இருக்கிறது. 1918-ல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த கதையைப் பள்ளியில் நமக்கு யாரும் சொல்லவில்லை. அந்தச் சங்கத்தை வழிநடத்திய பி.பி. வாடியா, திரு.வி.க. பெயர்களாவது தெரியும். அவர்களுக்கு முன்னால் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்று இரண்டு வியாபாரிகள், சொற்பொழிவு கேட்க வந்த பின்னி துணி மில் தொழிலாளிகளின் குறைகளைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். சங்கம் அங்கிருந்துதான் கிளம்பியது. என் தொழிலுக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அதனால்தான் காசிமேடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் விற்கிற பெண்களுக்கு வரும்படி குறையும், வட்டிக்காரர் மட்டும் தவறாமல் வருவார். அந்தச் சமயத்தில்தான் அவர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கிறது.

"உங்களுக்குள்ள சண்ட வந்தா யார் பேச்சு எடுபடும்?" என்று கேட்டேன். ஒருத்தரும் பேசவில்லை. எல்லோர் கண்ணும் தூணோரம் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா பக்கம் போயிற்று. அவர் கட்டைவிரலில் அரிவாள்மனை வெட்டிய பழைய தழும்பைத் தேய்த்துக்கொண்டே, "நானா? நான் இன்னா பண்ணேன்? ஏலத்துல எடுக்கத் துட்டு பத்தலன்னு நிக்கிறவங்களுக்கு என் கூடையில பாதி குடுப்பேன், அவ்ளோதான்" என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே குரல் கம்மிவிட்டது. அவரைத் தலைவி என்று யாரும் அதுவரை சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்.

அங்கே நம் பேச்சில்தான் பேசுகிறேன். நாக்குக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா!

கம்பெனிகளிடம் இப்போதும் முழுக் கட்டணம் வாங்குகிறேன், குறைப்பதில்லை. அந்த வருமானத்தில் இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. டீச்செலவுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். இதை இலவசமாக வாங்கிக்கொள்ள அவர்களுக்கு மனமில்லை. அந்த ரோஷம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இப்போது உன் உதவி வேண்டும். அடுத்த தடைக்காலத்தில் வட்டிக்கு வாங்காமல் சமாளிக்க, வாராவாரம் சேமிக்கலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. சுய உதவிக் குழுவாகக் கணக்கு தொடங்குவது நல்லதா, மீனவர் கூட்டுறவுச் சங்கம் வழியாகப் போவதா? கையெழுத்துப் போடும் அதிகாரம் எத்தனை பேரிடம் இருக்க வேண்டும்? வங்கிக்காரியாக யோசித்து விவரமாக எழுது. உன் பதிலை அவர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் முதல் வசூல் தொடங்கும் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் தண்டையார்பேட்டைத் தோழி