பீனிக்ஸை விட்டுப் போகலாமா? விஜிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள விஜி,

உன் மெயில் வந்து நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நீ பேங்க் வேலைக்கு வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்த சேதியைப் படித்ததும் போன் போடலாம் என்றுதான் எடுத்தேன். ஆனால் போனில் ஆரம்பித்தால் உன் மாமியாரின் முழங்கால், என் பெண்ணின் படிப்பு, தங்கம் விலை என்று போய், நடுவில் யாராவது காலிங் பெல் அடித்து முடிந்துவிடும். அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸை விட்டு நாங்கள் வேறு ஊர் போக யோசிப்பது பற்றி நீ கேட்டதற்கு எழுதித்தான் பதில் சொல்ல முடியும். "வேலூர்ல பொறந்து வளர்ந்தவளுக்கு வெயில் ஒரு காரணமாடி?" என்று கேட்டிருக்கிறாய். காரணம்தான், ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சிப் தொழிற்சாலைகளில் இருக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பதுதான் இவர் கம்பெனியின் வேலை என்று உனக்குத் தெரியும். அவர்களுக்கு ஆரிகன் மாநிலத்தில் ஹில்ஸ்பரோ என்ற ஊரில், போர்ட்லாண்டுக்குப் பக்கத்தில், ஒரு கிளை இருக்கிறது. அங்கே வருகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். ஜனவரி முடிவதற்குள் சொல்ல வேண்டுமாம். இவர் போகலாம் என்கிறார். பெண் அடுத்த வருடம் ஹைஸ்கூல், தோழிகளை விட்டு வரமாட்டேன் என்று சாப்பாட்டு மேஜையிலேயே அழுகிறாள். நான் காலையில் போகலாம் என்றும் சாயங்காலம் வேண்டாம் என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெயிலுக்கு வருவோம். நம் ஊரில் அக்னி நட்சத்திரத்தில் 42, 43 டிகிரி பார்க்காதவர்களா நாம்? ஹாஸ்டலில் திருச்சி வெயிலையும் சேர்த்துப் பார்த்தவர்கள். ஆனால் அங்கே சித்திரை, வைகாசியில் காய்ந்தால் நடுவில் ஒரு கோடை மழை வரும், ஆடியில் காற்று வரும், எப்படியோ தள்ளிவிடலாம். இங்கே 2023இல் ஜூன் 30 தொடங்கி ஜூலை 30 வரை 31 நாள், ஒரு நாள் விடாமல் 110 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டது, அதாவது நம் கணக்கில் 43.3. அதுகூடப் பரவாயில்லை, பகலில் யார் வெளியே போகப் போகிறார்கள். எனக்குப் பொறுக்காதது ராத்திரி. அந்த ஜூலை 19ஆம் தேதி, இருபத்து நாலு மணி நேரத்தில் மிகக் குளிர்ந்த நேரத்திலேயே 97 டிகிரி, அதாவது 36. விடியற்காலை நாலரை மணிக்குக் கதவைத் திறந்தால் முகத்தில் அனல். உங்கள் வீட்டு மொட்டைமாடியில் சாயங்காலம் தண்ணீர் ஊற்றிவிட்டு ராத்திரி பாய் போட்டுப் படுப்போமே, அந்த வசதி இங்கே கிடையாது. மைல் மைலாகக் கான்கிரீட்டும் தாரும் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி முழுக்கக் கக்குகின்றன.

இங்கே சவாரோ என்று ஒரு கள்ளி உண்டு, நான் அனுப்பும் போட்டோக்களில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்குமே, அதுதான். அது தண்ணீர் வீணாகக் கூடாது என்று பகலில் இலைத்துளைகளை மூடி வைத்து (அதற்கு இலை இல்லை, தண்டில்தான் துளை) ராத்திரி திறந்துதான் மூச்சு விடும். ராத்திரியே குளிராவிட்டால் அது என்ன செய்யும்? 2023இல் நூறு வயது தாண்டிய கள்ளிகளெல்லாம் கை ஒடிந்து விழுந்தன, சில அடியோடு சாய்ந்தன. பாலைவனத்திலேயே பிறந்த கள்ளிக்கே தாங்கவில்லை, வேலூர்க்காரி எம்மாத்திரம் சொல்.

சரி, 2023 ஒரு கெட்ட வருடம் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். 2024இல் 113 நாள் தொடர்ந்து 100 டிகிரி அல்லது அதற்கு மேல். 110ஐத் தொட்ட நாட்களைக் கூட்டினால் 70. அது போதாதென்று செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்து அக்டோபர் நடுவரை 21 நாள், ஒவ்வொரு நாளும் அந்தத் தேதிக்கான பழைய ரெக்கார்டைத் தொட்டது அல்லது உடைத்தது. நவராத்திரி முழுக்க அதற்குள் அடங்கிவிட்டது. கொலு பார்க்கப் பட்டுப் புடவையில் வந்தவர்கள் காரிலிருந்து வாசலுக்கு ஓடி வந்தார்கள். சுண்டலை யாரும் சீந்தவில்லை, நீர்மோர் தீர்ந்துபோனது.

சின்னச் சின்ன அவஸ்தைகளைச் சொன்னால் சிரிப்பாய். ஜூலையில் குளிர்ந்த தண்ணீர்க் குழாயைத் திறந்தால் நம் ஊர் சின்டெக்ஸ் டேங்க் தண்ணீர் மத்தியானம் வருமே, அப்படி வரும். சீட் பெல்ட்டின் கொக்கி கையைச் சுடும். கார் பேட்டரி இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் தாங்காது. பள்ளிக்கூடத்தை ஜூலை மூன்றாம் வாரத்தில் திறந்துவிடுகிறார்கள், குழந்தைகள் விளையாட்டு மைதானத்தைக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கின்றன. சில மலைப்பாதைகளை வெயில் எச்சரிக்கை வந்தால் நகராட்சியே பகலில் பூட்டிவிடுகிறது. மற்ற மாநிலத்துக்காரர்கள் பனியில் நாலு மாதம் வீட்டுக்குள் கிடப்பதுபோல நாங்கள் மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை. சிரிக்க முடியாதது என்னவென்றால், தார் ரோட்டில் தடுக்கி விழுந்து உடனே எழ முடியாத வயதானவர்கள் தீக்காய வார்டில் சேர்க்கப்படுகிறார்கள். வெயில் பட்ட தார் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும்.

எனக்கு உண்மையான பயம் ஏ.சி. பற்றியது. ஒரு ஜூலையில் எங்கள் வீட்டு ஏ.சி. நின்றுபோனது. போன் செய்தால் எல்லா மெக்கானிக்கும் பிஸி. ராத்திரிக்குள் ஹாலில் 95 டிகிரி. பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஹோட்டலுக்குப் போனோம், எங்களிடம் கார்டு இருந்தது, போனோம். பீனிக்ஸ் இருக்கும் இந்த மரிக்கோபா கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) மட்டும் 2023இல் வெயிலால் இறந்ததாகக் கணக்கில் வந்தவர்கள் 645 பேர். நிறையப் பேர் வீடில்லாமல் தெருவில் இருந்தவர்கள். வீட்டுக்குள்ளேயே இறந்தவர்களும் உண்டு, அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஏ.சி. இருந்தது, வேலை செய்யவில்லை. அதே வருடம் சில ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள்: கடும் வெயிலின் நடுவே ஊர் முழுக்க இரண்டு நாள் கரண்ட் போனால் பீனிக்ஸ் மக்களில் பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரி தேவைப்படும் என்று. நியாயமாகச் சொன்னால் இதுவரை அப்படி எதுவும் ஆகவில்லை, இவ்வளவு வெயிலிலும் கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள், நம் ஊர் பவர்கட்டைப் பார்த்தவளுக்கு அது அதிசயம்தான். ஆனாலும் கூரைமேல் இருக்கும் ஒரு பெட்டியை நம்பித்தான் உயிர் இருக்கிறது என்று ஒருமுறை உறைத்துவிட்டால், அது லேசாக ஒரு சத்தம் மாற்றிப் போட்டாலும் தூக்கம் வருவதில்லை.

இவர் போகலாம் என்பதற்கு வேறு காரணம், இருமல். போன வருடம் மாதக்கணக்கில் இருமினாரே, நிமோனியா என்று ஆன்டிபயாட்டிக் மேல் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், கடைசியில் பார்த்தால் வேலி ஃபீவர். இந்த மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சை, புழுதி பறக்கும்போது மூச்சோடு உள்ளே போகிறது. அமெரிக்கா முழுவதிலும் இந்த நோய் வருகிறவர்களில் பெரும் பகுதியினர் அரிசோனாக்காரர்கள். அப்படியிருக்க முதலிலேயே அந்த டெஸ்டை எடுத்திருக்கலாம் இல்லையா? இப்போது தேறிவிட்டார். ஆனால் மான்சூன் பருவத்தில் புழுதிச் சுவர் எழும்பி வருவதைப் பார்த்தாலே ஜன்னலைச் சாத்த ஓடுகிறார். ஆமாம், இங்கேயும் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை மான்சூன் என்றுதான் பெயர், வருடத்துக்கு மொத்தமே இருபது சென்டிமீட்டருக்குள் பெய்கிற ஊரில்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் தயங்குகிறாய் என்பாய். இந்தக் கடிதத்தைப் பின்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன், நவம்பர் கடைசி, மெல்லிய ஸ்வெட்டர்கூட வேண்டாம். இப்படியே ஏப்ரல் வரை போகும். மல்லிச்செடி என் இடுப்பு உயரம். கறிவேப்பிலை மரமாகிவிட்டது, பனி விழுகிற ராத்திரி மட்டும் போர்வை போர்த்துகிறேன். முருங்கை வெட்ட வெட்ட வளர்கிறது, தெருவில் இருக்கிற நாலு தமிழ்க் குடும்பத்துக்கும் கீரை என் வீட்டிலிருந்துதான். மே மாதம் வடாம் பிழிந்தால் அரை நாளில் காய்ந்துவிடும், காக்கா தொல்லையும் கிடையாது. ஆரிகனில் வடாம் எங்கே பிழிவது, அடுப்புக்குள்ளேயா? மழை பெய்தால், அது எப்போதோ பெய்வது, கிரியோசோட் என்ற புதர் ஒரு வாசனை விடும் பார், நம் மண்வாசனைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை, அதை முதல் தடவை முகர்ந்த அன்றுதான் இந்த ஊரை எனக்குப் பிடித்தது. சனிக்கிழமை மரிக்கோபா பிள்ளையார் கோயில், ஞாயிறு தமிழ்ப் பள்ளி என்று ஒரு வாழ்க்கை ஆகிவிட்டது.

ஆரிகன் மட்டும் என்ன வாழ்கிறது? 2021 ஜூன் 28 அன்று போர்ட்லாண்டில் 116 டிகிரி. வெயிலுக்குப் பயந்து ஓடுகிற ஊரில் நம் வேலூரைத் தாண்டிய வெயில், அதுவும் நிறைய வீடுகளில் ஏ.சி.யே இல்லாத ஊரில். 2020 செப்டம்பரில் காட்டுத்தீப் புகையில் ஊரே மூச்சுத் திணறியது. இதைச் சொன்னால் இவர், "அது எப்போதோ வருவது, இங்கே வருஷா வருஷம்" என்கிறார். அதுவும் சரிதான். மழையைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள், கணக்குப் பார்த்தால் சென்னைக்குப் பெய்வதைவிடக் குறைவு. கொட்டித் தீர்க்காமல் மாதக்கணக்கில் நச நசவென்று தூறுமாம். டிசம்பரில் சாயங்காலம் நாலரைக்கு இருட்டிவிடும். எனக்கு அதுதான் கவலை. வெயிலை நான் திட்டுவேனே தவிர, வெளிச்சம் இல்லாமல் இருந்து பழக்கமில்லை.

பணக் கணக்கு வேறு. இங்கே மாநில வருமான வரி 2.5 சதவீதம், அங்கே 9.9 வரை போகிறது, விற்பனை வரி இல்லை என்பதில் கொஞ்சம் சரிக்கட்டலாம். வீட்டுக்கடன் வட்டி எங்களுக்கு மூன்று சதவீதத்தில் கிடைத்தது, இன்று புதிதாக வாங்கினால் அதைவிட மிக அதிகம். நீ பேங்க்காரி, இதற்கு மேல் உனக்கு விளக்க வேண்டாம்.

தண்ணீர் இல்லாமல் ஊரே காலியாகிவிடும் என்று யாரோ உனக்கு வீடியோ அனுப்பியதாக எழுதியிருந்தாய். அதை நான் அவ்வளவாக நம்பவில்லை. கொலராடோ ஆற்றிலிருந்து 540 கிலோமீட்டர் கால்வாய் வெட்டிக் கொண்டுவருகிறார்கள். 2022இல் அரிசோனாவின் பங்கில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்றை வெட்டினார்கள், முதல் அடி வாங்கியது பினால் கவுண்டி விவசாயிகள்தான், பிள்ளையார் கோயில் இருக்கும் மரிக்கோபா ஊரும், பெயர் மரிக்கோபா என்றாலும், அந்தப் பினால் கவுண்டியில்தான் இருக்கிறது. புதிதாக வீட்டுமனை போடுகிறவர் நூறு வருடத்துக்குத் தண்ணீர் இருக்கிறது என்று காட்ட வேண்டும் என 1980 முதலே இங்கே சட்டம். நிலத்தடி நீரை மட்டும் நம்பி இனிப் புது மனை போட முடியாது என்று 2023இல் கவர்னர் ஹாப்ஸ் அறிவித்தார். நம் ஊரில் ஏரியிலேயே மனை போடுகிறோம். ஆற்றைப் பங்கிடும் விதிகள் 2026 முடிவில் காலாவதி, அப்புறம் என்ன சண்டை வருமோ. ஆனாலும் குழாய் நிற்பதற்கு முன் பருத்தி வயல் நிற்கும், எப்போதும் அப்படித்தானே நடக்கிறது.

எழுத எழுத எனக்கே ஒன்று பிடிபடுகிறது. இப்போதைக்கு எங்களால் தாங்க முடியும், இன்னும் பத்து வருடம்கூடத் தாங்கலாம். எழுபது வயதில், பெண் வேறு ஊரில் இருக்க, நாங்கள் இருவர் மட்டும் ஒரு ஜூலை ராத்திரி ஏ.சி. நின்ற வீட்டில் மெக்கானிக்குக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பதைத்தான் என்னால் நினைக்க முடியவில்லை. போக வேண்டுமென்றால் புது ஊரில் நாலு பேரைப் பழக்கம் பிடிக்கத் தெம்பு இருக்கும்போதே போக வேண்டும். அதனால் போகலாம் பக்கம்தான் சாய்ந்திருக்கிறேன், முக்கால்வாசி. ஜனவரி முதல் வாரம் மூவரும் ஹில்ஸ்பரோ போய் இருந்து பார்க்கிறோம். ஜூலையில் கூட்டிக்கொண்டு போனால் எந்தப் பெண்ணும் மயங்கிவிடுவாள், அந்த ஊரின் மோசமான மாதத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றால்தான் சரி. வீட்டை விற்கப் போவதில்லை, வாடகைக்கு விடுவோம், அந்த மூன்று சதவீதத்தை யார் விடுவார்கள்.

உன் பையன் பெங்களூருக்கு வந்துவிடு என்கிறானே, அதில் என் அபிப்பிராயம் கேட்டாயே: போய் ஆறு மாதம் இரு, சத்துவாச்சாரி வீட்டை மட்டும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதே. மாமியாரிடம் பேசிவிட்டு எழுது.

அப்புறம் ஒன்று. கடைத்தெருவில் அம்மாவைப் பார்த்தால் இதைப் பற்றி மூச்சு விடாதே. ஊர் மாறுகிறோம் என்றாலே இந்தியாவுக்குத் திரும்புகிறோம் என்று எடுத்துக்கொண்டு மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வைத்துவிடுவாள்.

அன்புடன்,
உன் சுந்தரி