நாட்செஸ் செல்வோர் அடிமைச் சந்தை இருந்த சாலைச் சந்தியையும் காண வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வாழும் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்காகத் தங்கள் பயணப் பகுதியில் மிசிசிப்பி ஆற்றங்கரை நகரமான நாட்செஸைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மாளிகைகளின் அழகை அது நன்றாகவே எடுத்துரைத்தது. ஆனால் அவற்றைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது.

நாட்செஸைக் காண வசந்த காலமே உகந்தது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. கோடைப் புழுக்கம் தொடங்கும் முன் அசேலியா செடிகள் பூத்துக் குலுங்கும் நாட்களில், பழைய வீடுகளைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் அங்கே 1932 முதல் இருந்து வருகிறது. அவற்றுள் எண்கோண வடிவில் அமைந்த லாங்வுட் மாளிகையைத் தவறவிடக் கூடாது. 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் வடக்கிலிருந்து வந்திருந்த கைவினைஞர்கள் ஊர் திரும்பிவிட்டதால், அதன் மேல்தளங்கள் இன்றும் பூசப்படாத செங்கல் சுவர்களாகவே நிற்கின்றன.

இந்தச் செல்வமெல்லாம் பருத்தியால் வந்தது. அந்தப் பருத்தியை விளைவித்தவர்கள் அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்கள். வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை அமெரிக்கா 1808-இல் தடை செய்தபின், வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற மாநிலங்களிலிருந்து குடும்பங்களைப் பிரித்துத் தெற்கே விற்கும் உள்நாட்டு வணிகம் பெருகியது. சிலர் கப்பலில் நியூ ஆர்லியன்ஸ் வந்து ஆற்றின் வழியே மேலே கொண்டுவரப்பட்டார்கள்; பலர் விலங்கிடப்பட்டு வாரக்கணக்கில் நடத்தியே அழைத்துவரப்பட்டார்கள். அவர்கள் வந்து சேர்ந்த இடம், நகர மையத்துக்குச் சற்றுக் கிழக்கே உள்ள 'ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோடு' என்ற சாலைச் சந்தியில் இருந்த அடிமைச் சந்தை. அங்கே ஏலம் கூவியதில்லை. வரிசையாக நிறுத்தப்பட்டவர்களை நிலவுடைமையாளர்கள் தொட்டுப் பார்த்து, கேள்வி கேட்டு, பேரம் பேசி வாங்கிச் சென்றார்கள் என்பதைப் படிக்கும்போது, ஏலத்தைவிடவும் இது கொடியதாக எனக்குத் தோன்றுகிறது. 1863-இல் வடக்கு மாநிலங்களின் ஒன்றியப் படை நகரைக் கைப்பற்றிய பிறகே அந்தச் சந்தை ஒழிந்தது.

இன்று அங்கே மாளிகை ஏதும் இல்லை. விளக்கப் பலகைகளும், சிமெண்டுத் தளத்தில் பதித்த விலங்குச் சங்கிலிகளும்தான் உள்ளன. 2021-இல் அந்நிலம் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் வந்தது. அதே துறை பராமரிக்கும் வில்லியம் ஜான்சன் இல்லத்தையும் பார்ப்பது நல்லது. அடிமையாகப் பிறந்து 1820-இல் விடுதலை பெற்ற ஜான்சன், முடிதிருத்தும் தொழிலில் உயர்ந்து, 1835 முதல் 1851-இல் கொல்லப்படும் வரை நாட்குறிப்பு எழுதினார். அவரே பிறரை அடிமைகளாக வைத்திருந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

அடுத்த முறை தாங்கள் நாட்செஸைப் பற்றி வெளியிடும்போது, இவ்விரு இடங்களோடு, அடிமைகள் குடியிருந்த கட்டடங்கள் இன்னும் நிற்கும் மெல்ரோஸ் மாளிகையையும் சேர்த்து வழித்தடம் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்