கயலின் ஆராய்ச்சிப் படிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும்?

பாளையங்கோட்டை

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் கயல் எம்.ஏ. வரலாற்றை நல்ல மதிப்பெண்ணோடு முடித்திருக்கிறாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மாப்பிள்ளை விசாரிக்கச் சொல்லாமல் பிஎச்.டி.க்கு வழி கேட்டு எழுதியிருக்கிறாய் பார், அதற்கே உனக்கு ஒரு கும்பிடு. ஆனால் ஆத்தங்கரை வயலை ஒத்திக்கு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாயே, அது மட்டும் வேண்டவே வேண்டாம். ஆராய்ச்சிப் படிப்பு என்பது கைக்காசு போட்டுப் படிக்கிற படிப்பு இல்லை. முழுநேரமாகச் செய்கிறவளுக்கு யாராவது சம்பளம் மாதிரி கொடுத்தாக வேண்டும். யார் கொடுக்கிறார்கள், எவ்வளவு காலம் கொடுக்கிறார்கள், முக்கியமாக அது யார் பெயரில் வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

யார் பெயரில் என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? இந்தப் பணம் மூன்று வகையாக வரும். சில உதவித்தொகை மாணவியின் பெயரிலேயே வரும், அவள் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் பின்னாலேயே வரும். சில தொகை பல்கலைக்கழகத்துக்கு வரும், அவர்கள் சேர்த்துக்கொண்டவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். சில தொகை வழிகாட்டியின், அதாவது ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரின், புராஜெக்ட்டுக்கு வரும், அதில் ஒரு ஆளாக இவள் சேருவாள். கடைசி வகையில்தான் வம்பு அதிகம். புராஜெக்ட் பெரும்பாலும் மூன்று ஆண்டு. பிஎச்.டி. அதற்குள் முடிவது அபூர்வம். புராஜெக்ட் முடிந்த மாதத்தோடு பணம் நிற்கும், பதிவு மட்டும் நிற்காமல் ஓடும். போதாக்குறைக்கு, புராஜெக்ட் வேலை ஒரு பக்கம், சொந்தத் தலைப்பு இன்னொரு பக்கம் என்று இழுபடும். அறிவியல் துறைகளில் இரண்டும் ஒன்றாக அமைவதுண்டு. வரலாற்றில் அப்படி அமைந்தால் அதிர்ஷ்டம்தான்.

ஆகவே கயல் முதலில் குறிவைக்க வேண்டியது முதல் வகை. அதில் பெரியது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு வழியாகக் கிடைக்கும் ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை. 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அடுத்த மூன்று ஆண்டு எஸ்ஆர்எஃப், அதாவது முதுநிலை ஆய்வாளர், ஆனபின் 42,000. ஐந்து ஆண்டுக்கும் கூட்டிப் பார், சரியாக 24 லட்சம். வீட்டு வாடகைப்படி தனி. விடுதியில் இடம் கொடுத்து, அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வீடு எடுத்தால் அந்தப் படி கிடைக்காது. விடுதியில் இடம் இல்லை என்றால் அதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இதில் ஏமாந்தவர்கள் பலர். புத்தகம், களப்பயணம், தட்டச்சு ஆகியவற்றுக்கு கன்டின்ஜென்சி என்று கலைப் பாடங்களுக்கு முதல் இரண்டு ஆண்டு தலா 10,000, பிறகு ஆண்டுக்கு 20,500. இதற்கு ரசீது வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நகலெடுத்த கட்டணத்துக்கும் பில்லை அன்றைக்கே வாங்கிவிட வேண்டும், வருஷக் கடைசியில் தேடினால் கிடைக்காது.

தேர்வு ஜூன், டிசம்பர் என்று இரண்டு பருவம். அறிவிப்பும் தேதியும் சில சமயம் ஆடும். 2024 ஜூன் 18 அன்று நடந்த தேர்வை மறுநாளே ரத்து செய்து பிறகு மறுபடி வைத்தார்கள். இரண்டு தாள்: முதல் தாளில் 50 கேள்வி, 100 மதிப்பெண், இரண்டாம் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண். இரண்டுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம், தவறுக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. அதனால் ஒரு கேள்வியையும் விடக்கூடாது. நம் பிள்ளைகள் செய்யும் தப்பு, பாடத்தை உருப்போட்டுவிட்டு முதல் தாளை "பொது அறிவுதானே" என்று விட்டுவிடுவது. ஜேஆர்எஃப் இரண்டு தாளின் மொத்தத்தில் முடிவாகிறது. வரலாற்றில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி வாங்குவார்கள். கற்பித்தல், தர்க்கம், அட்டவணைக் கணக்கு, ஆய்வுமுறை என்று முதல் தாளில் வரும் பகுதிகள்தான் பலரை மேலே தூக்குகின்றன, கீழே தள்ளுகின்றன. வரலாற்றுத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருக்கும். தமிழ் வழியில் படித்தவளுக்கு இது ஒரு மலைதான். நிலவரிச் சொற்கள், கல்வெட்டுச் சொற்கள், அரச வம்சப் பெயர்கள் இவற்றின் ஆங்கில எழுத்துமுறையை ஒரு நோட்டில் எழுதிப் பழகச் சொல்.

வயது வரம்பு ஜேஆர்எஃப்புக்கு 30. பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு, ஆகவே இவளுக்கு 35 வரை நேரம் இருக்கிறது. அவசரப்பட்டு, கிடைக்காவிட்டால் வாழ்க்கையே போச்சு என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூனிலிருந்து ஒரு மாற்றமும் வந்திருக்கிறது: ஜேஆர்எஃப் கிடைக்காவிட்டாலும் நெட் மதிப்பெண்ணை வைத்துப் பிஎச்.டி. சேர்க்கைக்குப் போகலாம். மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30. அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். இந்த வழியில் சேர்க்கை கிடைக்கும், பணம் கிடைக்காது. இதைக் குழப்பிக்கொண்டு "நெட் பாஸ், இனி மாதாமாதம் பணம் வரும்" என்று இருந்துவிடக் கூடாது.

இப்போது உனக்கான வேலை. சாதிச் சான்றிதழ். நம்மிடம் இருக்கும் பி.சி. சான்றிதழ் மத்தியத் தேர்வுக்குச் செல்லாது. மத்தியப் பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா என்று பார்த்து, ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) கிரீமி லேயர் அல்லாதோர், அதாவது வசதி படைத்த பிரிவில் வராதவர், என்னும் சான்றிதழை மத்திய அரசின் படிவத்தில் வட்டாட்சியரிடம் வாங்க வேண்டும். அதுவும் அந்த நிதியாண்டுக்கானது. ஏப்ரல் 1-க்குப் பின் வாங்கியதாக இருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 8 லட்சம் என்ற வரம்பைப் பார்த்துப் பயப்படாதே. நிலத்து வருமானம் அந்தக் கணக்கில் வராது, தங்கச்சியின் சத்துணவு அமைப்பாளர் சம்பளமும் வராது. உன் உரக்கடை வருமானம் வரும். கடைக்கு நீ போடும் வருமான வரிக் கணக்கை எடுத்து வைத்துக்கொள்.

ஓபிசி மாணவர்களுக்குத் தனியாக ஆண்டுக்கு 1,000 இடம் கொண்ட தேசிய உதவித்தொகை இருக்கிறது. அதில் 750 யுஜிசி நெட் வழியாகவும், 250 அறிவியல் பாடங்களுக்கான சிஎஸ்ஐஆர் நெட் வழியாகவும் நிரப்பப்படும். அதற்கும் இதே சான்றிதழ்தான். விண்ணப்பத்தில் அதற்கான கட்டத்தைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் பிறகு எதுவும் செய்ய முடியாது. கயலின் தோழி மேரி பற்றியும் கேட்டிருந்தாய். பட்டியலின மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகையில் ஆண்டுக்கு 2,000 இடம் உண்டு, ஆனால் கிறித்துவராக மாறியவர்கள் அதில் வரமாட்டார்கள். தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர பிஎச்.டி. மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் கொடுக்கிறது. அதில் கிறித்துவ ஆதிதிராவிடர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். மேரியை முதலில் அதைப் பார்க்கச் சொல்.

இரண்டாம் வகையில் மத்தியப் பல்கலைக்கழகங்கள் நெட் இல்லாதவர்களுக்கு மாதம் 8,000 கொடுக்கின்றன. அதை வைத்து ஒரு பெண் வெளியூரில் எப்படி இருக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை. பத்தாண்டுக்கு மேலாகியும் யாரும் கூட்டவில்லை. சமூக அறிவியல் துறைகளுக்கு ஐசிஎஸ்எஸ்ஆர் என்னும் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது, மாதம் 20,000, இரண்டாண்டு. வரலாற்றுக்கு ஐசிஎச்ஆர் என்னும் இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் தனியாக. இரண்டிலும் ஆய்வுத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழக முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தியிருக்கிறது. அரசுக் கல்லூரியிலோ மாநிலப் பல்கலைக்கழகத்திலோ சேருபவளாக இருந்தால் அந்த அறிவிப்பை விடக்கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு உதவித்தொகை வாங்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வை.

ஆய்வுத் திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி விண்ணப்பம் இங்கேதான் விழுகிறது. கயல் எழுதியிருக்கும் தலைப்பு "தென் தமிழகத்தில் பாசன வரலாறு" என்று சொன்னாய். இது ஒரு நூலகத் தலைப்பு. ஆய்வுத் தலைப்பு இல்லை. படிப்பவர் கேட்பது: எந்த ஆறு, எந்தக் காலம், எந்த ஆவணம், என்ன கேள்வி? "தாமிரபரணி, மருதூர் அணைக்கட்டின் மேலக்கால், கீழக்கால்: நீர்ப் பங்கீட்டுத் தகராறுகள், 1870 முதல் 1930 வரை" என்று குறுக்கினால் உடனே கை வைக்க இடம் கிடைக்கிறது. வருவாய் வாரிய நடவடிக்கைக் குறிப்புகள், பொதுப்பணித்துறைக் கோப்புகள் எழும்பூரில் இருக்கின்றன. 1879-இல் வந்த ஸ்டூவர்ட்டின் திருநெல்வேலி மானுவலும், 1917-இல் வந்த பேட்டின் கெசட்டியரும் பின்புலம் தரும். இரண்டு பேர் ஒரே மடைக்குச் சண்டை போட்டதை ஆவணத்தில் காட்டி, அதில் யாருக்கு ஏன் தண்ணீர் கிடைத்தது என்று கேட்பதுதான் கேள்வி. மதிப்பீட்டாளர் முதல் பத்தியில் இந்தக் கேள்வியையும், இரண்டாவதில் மற்றவர்கள் இதுவரை என்ன சொன்னார்கள் என்பதையும், மூன்றாவதில் எந்தக் கோப்பு வரிசையைப் பார்க்கப்போகிறாள் என்பதையும் தேடுவார். முதல் பக்கத்தை "பழங்காலந்தொட்டே" என்று தொடங்குபவர்களின் தாள் அதற்கு மேல் படிக்கப்படுவதில்லை. பட்ஜெட்டில் தோராயத் தொகை எழுதாமல் "எழும்பூரில் இத்தனை நாள், பேருந்துக் கட்டணம், தங்குமிடம், நகல் பக்கம்" என்று பெருக்கிக் காட்டினால் நம்பிக்கை வரும்.

வழிகாட்டி கிடைப்பதும் பணத்தோடு சேர்ந்த விஷயம். யுஜிசியின் 2022 விதிப்படி பேராசிரியர் 8 ஆய்வு மாணவர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு மூன்றாண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது. ஜேஆர்எஃப் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காலியிடம் தேடி அலைந்து, சேர வேண்டிய கெடுவைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். நேரில் போகும்போதே "உங்களிடம் எத்தனை இடம் காலி, ஓய்வு எப்போது" என்று கூச்சப்படாமல் கேட்கச் சொல்.

சேர்ந்த பிறகும் பணம் தானாக வந்து விழாது. சேர்ந்ததற்கான அறிக்கை, வங்கி விவரம், ஆதார் எல்லாம் பல்கலைக்கழக அலுவலகம் வழியாகக் கனரா வங்கி நடத்தும் தளத்தில் ஏற வேண்டும். அங்கே ஒருவர் பதிவேற்றுவார், இன்னொருவர் சரிபார்த்து அனுமதிப்பார். ஒவ்வொரு மாதமும் "இவள் வேலை செய்கிறாள்" என்று அந்த இரண்டு பேரும் உறுதி செய்தால்தான் அந்த மாதத் தொகை விடுவிக்கப்படும். ஒருவர் விடுப்பில் போனால் துறையே காத்திருக்கும். நிலுவை பிறகு வரும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். ஆகவே முதல் மூன்று மாதச் செலவுக்கு மட்டும் நீ கையில் வைத்திரு. அதுதான் உன் பங்கு. நிலம் விற்கும் பங்கு இல்லை.

இரண்டு ஆண்டு முடிந்ததும் எஸ்ஆர்எஃப் ஆக மூன்று பேர் கொண்ட குழு மதிப்பிடும், அதில் ஒருவர் வெளியிலிருந்து வருவார். வேலை திருப்தியில்லை என்றால் ஓராண்டு கூடுதலாக ஜேஆர்எஃப் தொகையிலேயே வைத்துப் பார்ப்பார்கள். ஐந்தாண்டு முடிந்தாலும் சரி, அதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாலும் சரி, எது முந்தியதோ அன்றோடு நின்றுவிடும். அதனால் சிலர் கெடு முடியும்வரை ஏட்டைக் கொடுக்காமல் வைத்திருப்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை, ஆனால் குற்றம் சொல்லவும் முடியவில்லை.

வெளிநாடு போகலாமா என்று தங்கச்சி கேட்டதாக எழுதியிருந்தாய். அமெரிக்காவில் நேரடியாகப் பிஎச்.டி. சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டண விலக்கும் மாதத் தொகையும் சேர்த்தே தருவது வழக்கம். எம்.ஏ.வுக்குப் பெரும்பாலும் தருவதில்லை, அதனால்தான் அதற்குப் பலர் கடன் வாங்குகிறார்கள். இங்கே பதிவு செய்துகொண்டு ஃபுல்பிரைட் நேரு என்னும் உதவித்தொகையில் அமெரிக்காவுக்கு ஆறு முதல் ஒன்பது மாதம் போய் வருவது இன்னொரு வழி. லண்டனில் இருக்கும் இந்தியா அலுவலகப் பதிவுகளை, அதாவது பிரிட்டிஷ் ஆட்சிக் கால ஆவணங்களை, பார்க்கச் சில வாரம் போக சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளை உதவுகிறது. இவள் தலைப்புக்கு அதுவே பொருத்தம், ஆனால் மூன்றாம் ஆண்டுக்கு முன் அது வேண்டாம்.

இப்போது உடனே செய்ய வேண்டியது ஒன்று. கயலின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் எம். என்று இனிஷியல் இருக்கும். ஆதாரில் பின்னால் இருக்கிறதா, அல்லது உன் பெயர் முழுசாக இருக்கிறதா, வங்கிப் புத்தகத்தில் எப்படி இருக்கிறது? மூன்றும் ஒரு எழுத்து வேறுபட்டாலும் பணம் திரும்பிப் போகும். மூன்றின் நகலையும் ஒன்றாக வைத்து எனக்கு அனுப்பு. எதை எங்கே திருத்த வேண்டும் என்று குறித்து எழுதுகிறேன்.

அன்புடன்,
சங்கரன்