நாலாம் நாள் எரிச்சல்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது, நீ சிகரெட்டை விட்டு நாலு நாள் ஆகிறதென்று. மருமகள்தான் சொன்னாள், அவளைக் கோபிக்காதே. ஆபீசில் தலைக்கு மேல் வேலை, இந்த நேரம் பார்த்து விட்டது தப்பு, டென்ஷன் எல்லாம் அடங்கட்டும், பொங்கல் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளிடம் சொன்னாயாம். போனில் பேசினால் "சரிம்மா சரிம்மா" என்று பாதியில் வெட்டிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்றே தலை நரைத்தவள் நான், அம்மா புலம்புகிறாள் என்று தள்ளிவிடாமல் கடைசி வரை படி.

அலை ஓய்ந்த பிறகு கடலாடலாம் என்று நின்றவன் கதைதான் உன்னுடையது. (நம் அக்னி தீர்த்தத்தில் அலையே கிடையாது, அது வேறு விஷயம்.) பொங்கல் கழிந்தால் இன்னொரு வேலை வரும், அது முடிந்தால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சேர்க்கை வரும், டென்ஷன் இல்லாத மாசம் என்று ஒன்று காலண்டரில் அச்சடிக்கவே இல்லை.

இப்போது உனக்கு இருக்கிற எரிச்சலில் பாதிக்கு மேல் ஆபீஸ் கொடுத்ததல்ல, சிகரெட்டை விட்டதால் வந்தது. புகையை இழுத்தால் சில விநாடிகளில் நிக்கோடின் மூளைக்குப் போய்விடும், அப்புறம் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் இருப்பது ஏறக்குறைய பாதியாகிவிடும். குறையக் குறைய உடம்பு கேட்கும், கை பரபரக்கும், யார் பேசினாலும் சுள்ளென்று வரும். அடுத்ததைப் பற்ற வைத்ததும் அடங்கும். அந்த அடங்கலைத்தான் நீ இத்தனை வருஷமாக "சிகரெட் டென்ஷனைக் குறைக்கிறது" என்று நம்பிக்கொண்டிருக்கிறாய், ஆனால் அந்தப் பரபரப்பைக் கிளப்பிவிட்டதே முந்தின சிகரெட்தான். இதில் வேடிக்கை என்னவென்றால் நிக்கோடின் இதயத் துடிப்பைக் கூட்டுகிற சாமான், அமைதிப்படுத்துகிற மருந்தே இல்லை. விட்டு முதல் ஒரு வாரம் மோசமாக இருக்கும், அதிலும் முதல் மூன்று நாள் ரொம்ப மோசம், அதை நீ தாண்டிவிட்டாய். அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகத் தணியும். சில மாசம் போன பிறகு பார்த்தால், விட்டவர்களுக்குப் பதற்றமும் மனஅழுத்தமும் புகை பிடித்த காலத்தில் இருந்ததைவிடக் குறைவாகவே இருக்கிறது என்று ஆராய்ச்சிகளிலும் சொல்கிறார்கள்.

உன் அப்பா பீடியை விட்டது எப்போது தெரியுமா? மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் கிடக்கும், கையில் காசில்லை, முதலாளியிடம் வாங்கின முன்பணம் வேறு, இதைவிட டென்ஷனான காலம் நம் மண்டபம் ஊரில் யாருக்கு உண்டு? கூட்டாளிகள் எல்லாம் இப்போது போய் எதுக்குய்யா என்றார்கள். அந்த மனுஷன் கேட்கவில்லை. முதல் வாரம் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார், உன் அக்காவை ஒன்றுமில்லாததற்குத் திட்டினார், நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் கிழிந்த வலையை வீட்டு வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு கையில் ஊசி, ஒரு கையில் நூல், கண்ணு கண்ணாகப் பார்த்து முடிச்சுப் போட வேண்டும், பீடி பிடிக்க மூன்றாவது கை கிடையாதே. நடுவில் ஒரு கேத வீட்டில் யாரோ நீட்டியதை வாங்கி இழுத்துவிட்டார். சரி போச்சு என்று பீடிக் கட்டு வாங்கப் போகவில்லை, மறுநாள் மறுபடி வலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான். நீயும் எங்கேயாவது ஒன்று இழுத்துவிட்டால் அதை ஒன்றோடு நிறுத்து.

ஒன்றை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். காபி. சிகரெட் புகை இருக்கும்வரை ஈரல் காபியின் கஃபீனை வேகமாகக் கரைத்துத் தள்ளிவிடும். புகையை நிறுத்தினால் அந்த வேகம் குறைந்துவிடும், அதே காபி உடம்பில் ரொம்ப நேரம் தங்கும். நீ முன்போலவே ஐந்தாறு காபி குடித்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், ராத்திரி தூக்கம் வராது, நீ அதை "சிகரெட் இல்லாத டென்ஷன்" என்று நினைத்துக்கொள்வாய். பாதியாகக் குறை, சாயங்காலத்துக்கு மேல் வேண்டாம்.

ஆபீசை விட்டு வெளியே போய் நிற்கிற அந்த ஐந்து நிமிஷத்தை மட்டும் விட்டுவிடாதே. நீ சிகரெட்டுக்கு என்று போனாலும், வெளிக்காற்றில் நின்றதும், கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுத்ததும், மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விட்டதும் உனக்கு நல்லதுதான் செய்திருக்கிறது. அந்த நேரத்துக்கே எழுந்து போ, ஆனால் பெட்டிக்கடை இல்லாத பக்கமாக நட. ஒவ்வொரு தடவை ஆசை எழும்பும்போதும் சில நிமிஷம்தான் உச்சத்தில் நிற்கும், நடந்து திரும்பி வருவதற்குள் இறங்கிவிடும்.

அப்படியும் முடியவில்லையென்றால் மருந்துக்கடையில் நிக்கோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம் இருக்கிறது. வாங்கியவர்களில் பாதிப் பேர் அதை மிட்டாய் மாதிரி மென்று தள்ளிவிட்டு, விக்கல் வருகிறது, வேலை செய்யவில்லை என்று வந்து நிற்பார்கள். மெதுவாக மெல்லு, நாக்கில் சுருக்கென்று காரம் ஏறியதும் நிறுத்தி கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வை, காரம் போனதும் மறுபடி மெல்லு, இப்படி அரை மணி நேரம். போடுவதற்குக் கால் மணி நேரம் முன்னாடியிருந்து காபி, டீ, ஜூஸ் கூடாது, இருந்தால் மருந்து உள்ளே இறங்காது. யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால், புகையிலையை விட உதவுகிற அரசாங்க நம்பர் 1800-11-2356க்குப் போடு, காசு கிடையாது, தமிழிலும் பேசுவார்கள். நீ வாங்கின சிகரெட் பெட்டியிலேயே அந்த நம்பர் அச்சடித்திருக்கும், அதிலிருக்கிற படத்துக்குப் பயந்து நீ பார்த்திருக்க மாட்டாய். மூன்று நாலு வாரம் கழித்தும் மனசு பாரமாகவே இருந்தால், தூக்கமே இல்லையென்றால், டாக்டரைப் பார், அதில் வெட்கம் வேண்டாம்.

இங்கே இரண்டு நாளாக வாடைக்காற்று பலமாக அடிக்கிறது, கடலுக்குப் போக மீன்துறையில் டோக்கன் கொடுக்கவில்லை, அப்பா வீட்டில்தான். பனங்கிழங்கு வந்துவிட்டது. அவித்து வெள்ளிக்கிழமை சேது எக்ஸ்பிரஸில் வருகிற உன் சின்ன மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். பிளந்து, நடுவில் இருக்கிற குருத்தை எடுத்துவிட்டு, நாரை ஒவ்வொன்றாக உரித்து உரித்துத் தின்னு, கைக்கும் வாய்க்கும் வேலை இருக்கும். நீ கேட்ட காபிப்பொடி இந்தத் தடவை இல்லை, சுக்குமல்லிப் பொடி வைத்திருக்கிறேன். ஸ்டேஷனுக்குப் போய் வாங்கிக்கொள், மாமா இறங்கினதும் பீடி பற்ற வைப்பார், பையை வாங்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றே பேசு.

அம்மா